இழை அறுந்தால் தறி நிற்க வேண்டும்: புதிதாக ப்ராடக்ட் ஓனர் ஆகிறவர்களுக்கு

திருப்பூரில் பி.ஓ. என்றால் பர்ச்சேஸ் ஆர்டர். எத்தனை பீஸ், என்ன விலை, எந்தத் தேதிக்குள் ஷிப்மென்ட் என்று மூன்றும் அதிலேயே எழுதி வந்துவிடும், அதை அப்படியே முடித்துக் கொடுப்பதுதான் மெர்ச்சண்டைசர் வேலை. ஏழு வருடம் பனியன் கம்பெனியில் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, கோவை சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்தேன். அங்கே என்னையே பி.ஓ. ஆக்கினார்கள், ப்ராடக்ட் ஓனர், அதாவது சாஃப்ட்வேரில் எது முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர். பனியன் கம்பெனிகளுக்கு உற்பத்தி, ஜாப் ஒர்க், கூலிக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற சாஃப்ட்வேர் என்பதால் தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். முதல் ஆறு மாதம் டீமை நான் ஆர்டர் முடிக்கிற மாதிரியேதான் நடத்தினேன்: பட்டியல், தேதி, மணிக்கொரு முறை ஃபாலோ அப். அது ஏன் தப்பு, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் ப்ராடக்ட் ஓனர் ஆகிறவர்களில் நிறையப் பேர் என்னைப் போலவே வேறு தொழிலிலிருந்தோ டெஸ்டிங்கிலிருந்தோ சப்போர்ட்டிலிருந்தோ ஒரு நாள் திடீரென்று இந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர்கள்.

கையில் இருப்பது வரிசை மட்டும்

நீங்கள் யாருக்கும் மேலாளர் இல்லை. இன்கிரிமென்ட் உங்கள் கையில் இல்லை, லீவ் உங்கள் கையில் இல்லை, புரோகிராமை எப்படி எழுத வேண்டும் என்று டெவலப்பருக்குச் சொல்லும் உரிமையும் இல்லை. ஸ்க்ரம் என்பது சாஃப்ட்வேர் வேலையைச் சின்னச் சின்னத் தவணையாகப் பிரித்துச் செய்கிற முறை. அதை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 2020 நவம்பரில் திருத்தி வெளியிட்ட ஸ்க்ரம் கைடை ஒரு முறை படித்துவிடுங்கள், பதினைந்து பக்கம்கூட வராது. டீமின் உழைப்புக்குக் கிடைக்கிற பலனுக்கு ப்ராடக்ட் ஓனர் பொறுப்பு என்று அது சொல்கிறது. அதற்காக பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், என்ன இருக்க வேண்டும், எது முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. ஸ்பிரின்ட் என்பது அந்த ஒரு தவணை, அதன் நோக்கமே அர்த்தமில்லாமல் போய்விட்டால் அதைப் பாதியில் நிறுத்துகிற அதிகாரமும் அவருக்கு மட்டும்தான். இன்னொன்றையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: ப்ராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள், கமிட்டி இல்லை.

நம் ஊரில் இந்தக் கடைசி விஷயம்தான் முதலில் உடைகிறது. எங்கள் கஸ்டமர்கள் எல்லாம் குடும்பக் கம்பெனிகள். முதலாளி ஒன்று கேட்பார், அவர் தம்பி வேறொன்று கேட்பார், டையிங்கைப் பார்த்துக்கொள்கிற மச்சான் நேராக டெவலப்பருக்கே போன் போட்டு "தம்பி, ஒரு சின்ன ரிப்போர்ட்டுதான், பொழுதோட குடுத்துருங்க" என்பார். அந்தப் பையனும் மரியாதைக்குச் சரி என்று சொல்லிவிடுவான். இப்படி நாலு போன் வந்தால் ஸ்பிரின்ட் காலி. ஆகவே முதல் வேலையாக, எல்லாக் கோரிக்கையும் உங்களிடம்தான் வர வேண்டும் என்பதை டீமிடம் சொல்வதற்கு முன்னால் கஸ்டமரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். டெவலப்பர் போனை எடுத்தாலும் "அக்காகிட்டச் சொல்லீர்றனுங்க" என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடத்தில் அவர்களை நிறுத்துங்கள். டீமுக்கு நீங்கள் செய்கிற முதல் உதவி அது.

வரிசை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் கீழ்பவானி வாய்க்காலைச் சொல்வேன். மொத்தம் 2,07,000 ஏக்கர் பாசனம். எல்லா மதகையும் ஒரே சமயத்தில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது, அதனால் ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்ததுக்கு இரட்டைப்படை மதகு என்று பாதிப் பாதியாக முறை வைத்து விடுகிறார்கள். முறை இல்லாதவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும், ஆனால் தன் முறை எப்போது என்று அவருக்குத் தெரியும், அதை வைத்து நெல்லா நிலக்கடலையா என்று அவர் முடிவு செய்துகொள்ளலாம். பேக்லாக்கும் அப்படி இருக்க வேண்டும். நாற்பது அயிட்டத்தில் முப்பத்தொன்றுக்கு 'ஹை' என்று போட்டு வைப்பது எல்லா மதகையும் திறந்துவிடுகிற கதைதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடுங்கள், ஒரு நம்பரில் ஒரு அயிட்டம்தான். கஸ்டமரும் டீமும் பார்க்கிற மாதிரி அந்தப் பட்டியலைத் திறந்து வையுங்கள்.

எதை மேலே வைப்பது? இதற்கு ஃபார்முலா நிறைய இருக்கிறது, நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கடைசியில் நின்றது ஒரு கேள்விதான்: இது இல்லாவிட்டால் வருகிற சனிக்கிழமை யாருடைய வேலை நிற்கும்? திருப்பூரில் வாரக் கூலி, சனிக்கிழமை கணக்கு முடித்துக் கையில் கொடுக்க வேண்டும். பீஸ் ரேட் கணக்கை கான்ட்ராக்டர் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து நோட்டில் கூட்டிக்கொண்டிருப்பதை ஏழு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஒரு முதலாளிக்கு போனிலேயே எல்லாம் தெரிகிற டேஷ்போர்டு வேண்டும், அதுதான் அவசரம் என்றார்.

"அம்மிணி, டேஷ்போர்டு என்னாச்சு?"

"ஆறாவதா இருக்குதுங்கண்ணா. மேல ஏத்தோணும்னா ஏத்தறனுங்க, ஆனா கூலிக் கணக்கு கீழ எறங்கும். எதை எறக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்தார். "சனிக்கெழமை கூலி நின்னுச்சுன்னா நான் கம்பெனிக்குள்ள நொழைய முடியாது. செரி, அதையே மொதல்ல முடிங்க."

முடியாது என்று நான் சொல்லவே இல்லை, கவனியுங்கள். வரிசையை அவர் கண் முன்னால் வைத்தேன், அவ்வளவுதான்.

டெவலப்பரை ஃப்ளோருக்குக் கூட்டிப் போங்கள்

கோவையிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், காலையில் பஸ் ஏறினால் ஃப்ளோரில் நின்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். இதற்கு ஒரு நாள் வீணாகிறது என்று எந்த மேனேஜர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதால் ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தையல் லைனில் மணிக்கு எத்தனை பீஸ் ஆனது என்று சூப்பர்வைசர் டேப்லெட்டில் போட வேண்டும், அதற்கு ஒரு ஸ்கிரீன் செய்து கொடுத்திருந்தோம். ரிப்போர்ட் நன்றாகவே வந்தது, ஆனால் எல்லா மணிக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருந்தது. டீ நேரத்தில் குறையவில்லை, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஏறவில்லை. எங்கள் டீமில் ஒரு பையன், கோபிச்செட்டிபாளையத்துக்காரன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவன்தான் "அக்கா, இந்த நெம்பருக எல்லாம் ஆராச்சும் வகுத்துப் போட்டாப்பல இருக்குதுங்க" என்றான். கூட்டிக்கொண்டு போனேன். அரை நாள் சூப்பர்வைசர் அக்கா பக்கத்திலேயே நின்றான். டேப்லெட் ஆபீஸ் ரூமில் சார்ஜில் கிடந்தது. அக்காவின் இரண்டு கையிலும் பண்டல். மணிக்கணக்கை ஒரு அட்டையில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, லைன் விட்ட பிறகு ஆபீஸுக்குப் போய் மொத்தத்தை மணிகளால் வகுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, நாங்கள் கொடுத்த ஸ்கிரீனைப் பயன்படுத்த அவருக்கு மூன்றாவது கை வேண்டும்.

ஆபீஸில் உட்கார்ந்து யோசித்திருந்தால் மணிக்கொரு முறை ஞாபகப்படுத்துகிற அலாரம் ஒன்றை வைத்திருப்போம். அந்தப் பையன் சொன்னது வேறு: செக்கிங் டேபிளுக்கு வரும்போது பண்டல் டிக்கெட்டை ஸ்கேன் செய்தால் போதும், அக்கா எதையும் தொட வேண்டியதில்லை. அதையே செய்தோம். டெவலப்பரிடம் நான் எதிர்பார்க்கிறது இந்தக் குணத்தைத்தான், எண்ணைப் பார்த்து இது உண்மையா என்று சந்தேகப்படுகிற குணம். அதை ஸ்பெக் (என்னென்ன வேண்டும் என்கிற குறிப்பு) எழுதி வரவைக்க முடியாது, ஆளையும் இடத்தையும் காட்ட வேண்டும்.

யூசர் ஸ்டோரி, அதாவது பயன்படுத்துகிறவருக்கு என்ன வேண்டும் என்கிற சின்னக் குறிப்பு, எழுதுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரான் ஜெஃப்ரிஸ் என்ற சாஃப்ட்வேர்க்காரர் 2001-இல் அதை அட்டை, பேச்சு, உறுதி என்று மூன்றாகப் பிரித்தார், அதில் பேச்சுதான் முக்கியம், மற்ற இரண்டும் அதற்கு முன்னும் பின்னும். உதாரணமாக, சாயப்பட்டறைக்கு 500 கிலோ துணி டி.சி. (டெலிவரி சலான்) போட்டு அனுப்புகிறோம், திரும்பி வருவது 500 கிலோ இருக்காது. 'டையிங் ரிசீட் என்ட்ரி' என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் போய்விட்டால், போனதும் வந்ததும் சமமாக இல்லை என்று எர்ரர் காட்டுகிற ஸ்கிரீன்தான் வரும். உட்கார்ந்து பேசினால், 'எத்தனை சதவீதம் வரை கழிவு ஒத்துக்கொள்வோம், அதற்கு மேல் போனால் யாரிடம் கேட்க வேண்டும், ரோல் எண்ணிக்கை குறைந்தால் என்ன, துணி இரண்டு தவணையாக வந்தால் என்ன' என்று டெவலப்பரும் டெஸ்டருமே கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், உறுதி என்பது அதுதான்.

கெட்ட செய்தி உங்கள் காதுக்கு எப்போது வருகிறது?

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாவு இழை ஒன்று அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் அத்தனை மீட்டரும் பழுது. ஜப்பானில் சகிச்சி டொயோடா இதைத்தான் தீர்த்தார். இழை அறுந்தால் தானாக நிற்கிற தறி, 1924-இல் வந்த ஜி டைப் தறி அதில் பேர் போனது. தறிக்கு ஒரு ஆள் நின்று காவல் காக்க வேண்டியதில்லை என்று ஆனது, ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. பிறகு அந்தக் குடும்பம் கார் கம்பெனி ஆரம்பித்தபோது அதே கொள்கையை அசெம்பிளி லைனுக்குக் கொண்டுபோனார்கள்: தப்பைப் பார்த்த தொழிலாளி யாராக இருந்தாலும் கயிற்றை இழுக்கலாம், லைனை நிறுத்தலாம். ஸ்க்ரம் மாதிரி முறைகளுக்கெல்லாம் பொதுப் பெயரான அஜைலுக்குள் வந்து சேர்ந்த பல பழக்கங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. தறியும் ஸ்பின்னிங் மில்லும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது அந்நியச் சரக்கே இல்லை.

எட்டாவது மாதத்தில் எனக்கு ஒன்று நடந்தது. எங்கள் சாஃப்ட்வேரிலிருந்து ஜாப் ஒர்க் பில்லை கஸ்டமரின் கணக்கு சாஃப்ட்வேருக்கு அனுப்புகிற வேலை, இரண்டு வார ஸ்பிரின்ட். முதல் செவ்வாய்க்கிழமையே அது நினைத்த வழியில் நடக்காது என்று டெவலப்பருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது இரண்டாவது வியாழக்கிழமை சாயங்காலம். ஒன்பது நாள் தறி ஓடியிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு தனியாகக் கேட்டேன். அதற்கு முந்தைய ஸ்பிரின்ட்டில் ஒரு பெண் தாமதமாகும் என்று சொன்னபோது நான் எல்லார் முன்னாலும் "ஏன்?" என்று கேட்டேனாம், குரலும் நன்றாக இல்லையாம். எனக்கு ஞாபகமே இல்லை. அவர்கள் ஆறு பேருக்கும் இருந்தது. கயிறு தொங்குகிறது, இழுத்தால் திட்டு விழும் என்று தெரிந்தால் எவர் இழுப்பார்? அன்றைக்கு எனக்கு வலித்தது, இன்றைக்கும் அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் போகிறேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை சில. தாமதம், தப்பு, முடியாது என்று யார் எதைச் சொன்னாலும் வாயிலிருந்து முதலில் வருவது "சரி, இப்பவே சொன்னது நல்லதாச்சு, என்ன வழியெல்லாம் இருக்குது?" என்றுதான் இருக்க வேண்டும். காரணம் கேட்கலாம், ஆனால் அது, ஸ்பிரின்ட் முடிவில் எது சரி எது தப்பு என்று பேசுகிற ரெட்ரோஸ்பெக்டிவ் அன்றைக்கு, வழி கண்டுபிடித்து முடித்த பிறகு. அப்புறம், கஸ்டமரிடம் போய்ச் சொல்வது உங்கள் பாரம், டெவலப்பரை முன்னால் தள்ளாதீர்கள். அவர் சொன்ன கெட்ட செய்தியால் அவருக்கே இடி விழுந்தது என்று டீம் ஒரு முறை பார்த்தால் போதும், மறுபடி வாயைத் திறக்க மாட்டார்கள்.

நம் பக்கத்து மரியாதைக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வது கொங்கு நாட்டில் யாருக்கும் சுலபமாக வராது. "ஆயிருங்க" என்றால் சில சமயம் ஆகும் என்று அர்த்தம், சில சமயம் நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். "பாக்கலாங்க" என்றால் பெரும்பாலும் நடக்காது. "முடிச்சுப்போடலாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னால் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மரியாதை எனக்குப் பிடித்தது, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். கேள்வியை மாற்றுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள் ஆயிருமா?" என்று கேட்டால் "ஆயிருங்க" என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. "இதில் எந்த இடம் இன்னும் தெரியாமல் இருக்குது?", "எது முடிஞ்சா பாதி தாண்டுனாப்பல?", "வெள்ளிக்கிழமை ஆகாமப் போச்சுன்னா என்ன காரணமா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிளானிங்கில் நாங்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விரலைக் காட்டுவோம், முழு நம்பிக்கை என்றால் ஐந்து, கொஞ்சமும் இல்லை என்றால் ஒன்று. சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்துச் சொல்வது இதில் நின்றுவிடுகிறது. இரண்டு விரல் காட்டினவரைத்தான் முதலில் பேசச் சொல்ல வேண்டும், அதுவும் குறுக்கிடாமல்.

தினசரி பதினைந்து நிமிடக் கூட்டத்தில் ப்ராடக்ட் ஓனர் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி நிற்கக் கூடாது. அது டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிடுகிற கூட்டம். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளைக்கூட ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஓரமாக நின்று கேளுங்கள், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

பாயின்ட் என்பது பீஸ் ரேட் இல்லை

ஓவர்லாக் மெஷினில் ஒரு மணிக்கு எத்தனை பீஸ் என்று எண்ணலாம், ஒரு பீஸும் அடுத்த பீஸும் ஒன்றுதான். சாஃப்ட்வேரில் நேற்று செய்த வேலை இன்று மறுபடி வராது. நான் இதை உணராமல், ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் மதிப்பிட்டுப் போடுகிற ஸ்டோரி பாயின்ட்டைக் கூலிக் கணக்கு மாதிரி பார்த்து, அடுத்த டீம் முப்பத்தெட்டு எடுத்தார்கள், நாம் ஏன் இருபத்தாறு என்று கேட்டேன். இரண்டே ஸ்பிரின்ட்டில் எங்களுக்கும் முப்பத்தெட்டு வந்தது. கஸ்டமர் கைக்குப் போனது அதே அளவுதான், மூன்று என்று மதிப்பிட்டதை ஐந்து என்று மதிப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயின்ட் என்ற வார்த்தையே கிடையாது, ஒரு ஸ்பிரின்ட்டில் எத்தனை பாயின்ட் முடிந்தது என்கிற வெலாசிட்டியும் கிடையாது. டீமுக்கு உதவினால் அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் அதை மேனேஜ்மென்ட் ஸ்லைடில் ஏற்றாதீர்கள். அங்கே ஏற்ற வேண்டியது வேறு: வெள்ளிக்கிழமை ராத்திரி நோட்டில் கூட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் இப்போது எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்பது.

முடிந்தது என்றால் என்ன என்பதை டீமோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். டெஸ்ட் ஆனதா, தமிழில் ஸ்கிரீன் சரியாக வருகிறதா, நெட் போய் வந்தால் டேட்டா பத்திரமா, இப்படி. அந்தத் தாளில் ஒன்று பாக்கி இருந்தாலும் முடித்ததைக் கஸ்டமருக்குக் காட்டுகிற ஸ்பிரின்ட் ரிவியூவில் அதைக் காட்டக்கூடக் கூடாது என்கிறது ஸ்க்ரம் கைடு, நான் முதலில் இதைக் கொஞ்சம் கடுமை என்றுதான் நினைத்தேன். பிறகு திருப்பூர் ஞாபகம் வந்தது. பையர் சாம்பிளை ஒப்புக்கொள்ளாமல் யாராவது பல்க் கட்டிங் போடுவார்களா? பாதி முடிந்ததைக் காட்டினால் பார்க்கிறவர் முடிந்தது என்றே எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் அதை நம்பி ஆர்டர் எடுத்துவிடுவார்.

ரிவியூவில் ஸ்லைடு வேண்டாம். லைன் சூப்பர்வைசர் ஒருவரையாவது உட்கார வைத்து, டேப்லெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு வேலை இருக்கிறது. பழைய புரோகிராமைச் சீர் செய்ய நேரம் வேண்டும் என்று டீம் கேட்கும்போது பேரம் பேசாதீர்கள், வாய்க்கால் தூர் வாராமல் முறை வைத்துப் பயனில்லை.

ரிலீஸ் தேதியை ஊரின் காலண்டரைப் பார்த்து வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனஸ் கணக்கு ஓடும், அப்போது கூலி ஸ்கிரீனைத் தொடாதீர்கள். தீபாவளிக்குப் பிறகு ஊருக்குப் போனவர்கள் திரும்பும் வரை திருப்பூரே அமைதியாக இருக்கும், அப்போது ரிலீஸ் செய்தால் சோதித்துச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். எப்போதும் வாரத்தின் முற்பகுதியில் செய்யுங்கள், வெள்ளியும் சனியும் வேண்டவே வேண்டாம்.

இந்தக் கடைசி விதியை நாங்கள் எழுதியதற்கு ஒரு வெள்ளிக்கிழமை காரணம். கூலிக் கணக்கின் புதிய வெர்ஷன் அன்று சாயங்காலம் போக வேண்டும், முதலாளிக்குச் சொல்லியாயிற்று, டீமில் பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆறே முக்காலுக்கு டெஸ்டர் பெண் வந்தாள், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. "அக்கா, ஒரே ஆளு ஒரே நாள்ல ரெண்டு லைன்ல தெச்சா ஒரு லைன் கூலி உளுந்துருதுங்க. எனக்கு ஒருக்காதான் வந்துச்சு, மறுக்கா வரலீங்க" என்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சரி, நல்லதாச்சு சொன்னே" என்றுவிட்டு ரிலீஸை நிறுத்தினேன், முதலாளிக்கு நானே போன் போட்டேன். சனிக்கிழமை பழைய வெர்ஷனிலேயே கூலி போனது. திங்கட்கிழமை இரண்டு பேர் உட்கார்ந்து அது எப்போது வருகிறது என்று கண்டுபிடித்தார்கள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரிலீஸ் ஆனது. அடுத்த ஸ்பிரின்ட் பிளானிங்கில் அவள் இரண்டு விரல் காட்டினாள்.